கடலை விற்ற சேட்

1864 ஆகஸ்டில் பம்பாய் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு நூலகம் கட்ட 2 லட்சம் ரூபாய் தருகிறேன், ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. எழுதியவர் பிரேம்சந்த் ராய்சந்த். வயது 33. தொழில், தரகு. பல்கலைக்கழகத்துக்கு அப்போது வயது 7. சொந்தமாக ஒரு கூரைகூடக் கிடையாது. டவுன் ஹாலில் ஒண்டுக்குடித்தனம். வெளியே ஆலமரத்தடியில் தரகர்கள் கூச்சல் போட்டு வியாபாரம் செய்துகொண்டிருக்க, உள்ளே பையன்கள் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தடிக்காரர் கட்டடத்துக்காரரைப் பார்த்து, “உனக்கு வீடு கட்டித் தரட்டுமா?” என்று கேட்டதும் அரசாங்கம் வாயைப் பிளந்தது.

பிளந்த வாய் மூடுவதற்குள் அக்டோபரில் இன்னொரு கடிதம். இன்னும் 2 லட்சம். இது ஒரு கோபுரத்துக்கு. அதில் பெரிய கடிகாரம் வேண்டும், மணிகள் வேண்டும், என் தாயார் ராஜாபாயின் பெயர் வைக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

மாதம் இருபது முப்பது ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாக்கள் குடும்பம் நடத்திய காலம். அதில் 4 லட்சத்தை இரண்டு மாத இடைவெளியில் இரண்டு கடிதத்தில் முடித்துவிட்டார் மனிதர். பணம் எங்கிருந்து வந்தது என்று நன்கொடை தருகிறவரிடம் கேட்பது மரியாதை இல்லை என்பதால் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. 160 வருஷம் ஆகிவிட்டது. இப்போது கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறந்தது 1831இல், சூரத்தில், ஒரு ஜைன வணிகக் குடும்பத்தில். சூரத் ஒரு காலத்தில் முகலாயப் பேரரசின் தலைவாசல். மெக்காவுக்குப் போகிற கப்பலும் அங்கிருந்துதான், இங்கிலீஷ்காரன் ஆரம்ப நாளிலேயே வந்து கடை போட்டதும் அங்கேதான். பிரேம்சந்த் பிறந்தபோது அந்த ஊர் பழம்பெருமை பேசிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தது. பணம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்துவிட்டிருந்தது. அப்பா ராய்சந்த் தீப்சந்தும் பணத்தின் பின்னாலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பம்பாய் போனார்.

பையன் இங்கிலீஷ் படித்தான். பம்பாய்த் தரகர்களில் அப்போது இங்கிலீஷ் எழுதப் பேசத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் துரைமாரிடம் கைஜாடையிலும் துபாஷிகள் வழியாகவும் பேரம் பேச, இவர் நேரே உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். ரத்தன்சந்த் லாலா என்ற தரகரிடம் உதவியாளராகச் சேர்ந்து, சீக்கிரமே அவருக்கு நிகரான ஆளானார். இன்னொரு வித்தையும் இருந்தது. எந்தப் பேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டாராம். யாரிடம் எவ்வளவு, என்ன விலை, எந்தத் தவணை, எல்லாம் தலைக்குள்ளேயே. ஊரே இதைச் சொல்லிச் சொல்லி வியந்தது. பின்னால் ஒரு விசாரணைக் குழு வந்து கணக்கு வழக்கு கேட்கப் போகிறது என்று அப்போது யார் கண்டார்கள்?

இந்த அளவோடு நின்றிருந்தால் பிரேம்சந்த் ஒரு வசதியான தரகராக வாழ்ந்து, ஒரு தெருவுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அவருடைய ஜாதகத்தில் ஆபிரகாம் லிங்கன் குறுக்கிட்டார்.

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் அண்ணன் தம்பி சண்டை மூண்டது. தெற்கு மாகாணங்களின் துறைமுகங்களை லிங்கனின் கடற்படை அடைத்தது. இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகள் அந்தத் தெற்கத்திப் பருத்தியைத்தான் தின்று வாழ்ந்தன. திடீரென்று சாப்பாடு நின்றது. ஆலைகள் மூடின, தொழிலாளர்கள் கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். முதலாளிகள் உலக வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான், ஓ, இந்தியா என்று ஒன்று இருக்கிறதே என்று நினைவு வந்தது.

நம் பருத்தியின் மேல் அவர்களுக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. இழை குட்டை, தூசி அதிகம். மேற்கிந்தியப் பருத்தி மொத்தத்துக்கும் லங்காஷயரில் ‘சூரத்’ என்றே பெயர். ஆண்டவரே, எங்களுக்குப் பருத்தி அனுப்பும், ஆனால் சூரத்தை மட்டும் அனுப்பாதேயும் என்று ஆலைத் தொழிலாளர்கள் ஜெபம் செய்ததாக ஒரு கதை உண்டு. ஆண்டவர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினார்.

விலை மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஏறியது. மூட்டையில் பஞ்சோடு மண், கல், தண்ணீர் எல்லாம் கலந்து கப்பலேறின. கலப்படம் அளவுக்கு மீறிப்போய், 1863இல் பருத்தி மோசடியைத் தடுக்கவென்றே பம்பாயில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. மெத்தை, தலையணைகளைக் கிழித்துப் பஞ்சை உருவி விற்றார்கள் என்றும் சொல்வார்கள். நம்மூர்த் தலையணைகள் தப்பித்ததற்குக் காரணம் நம் நேர்மை என்று நினைக்க வேண்டாம். இலவம் பஞ்சை நூற்க முடியாது. மற்றபடி திருநெல்வேலிக் கரிசலிலும் அந்த நாலு வருஷம் பருத்தி போட்டவன் மீசையை முறுக்கிக்கொண்டுதான் திரிந்தான்.

தந்தி இன்னும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு நேரே வராத காலம். லிவர்பூலில் என்ன விலை என்பது தபால் கப்பலில்தான் வரும். கப்பல் கரை சேர்ந்து, தபால் பிரித்து, கடிதம் கைக்கு வரும் வரை ஊரே காத்திருக்கும். பிரேம்சந்தின் ஆட்கள் மட்டும் படகை எடுத்துக்கொண்டு நடுக்கடலுக்கே போய்க் கப்பலை மறித்துச் செய்தி கேட்டு வருவார்களாம். மற்றவர்கள் உறையைப் பிரிக்கும் நேரத்தில் இவர் வாங்க வேண்டியதை வாங்கி, விற்க வேண்டியதை விற்று, கை கழுவியிருப்பார்.

போர் நடந்த காலத்தில் பம்பாய்க்குள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்து கொட்டிய பணம் ஏழு கோடி பவுனுக்கு மேல் என்று ஒரு கணக்கு. அன்றைய ரூபாயில் 70 கோடி. அவ்வளவு பணத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நகை எவ்வளவுதான் பண்ணுவது? கல்யாணத்தில் எத்தனை பந்திதான் போடுவது? அப்போதுதான் பம்பாய் வாசிகள் கம்பெனி ஆரம்பிப்பது என்ற பொழுதுபோக்கைக் கண்டுபிடித்தார்கள்.

வங்கிகள் முளைத்தன. கப்பல் கம்பெனி, இன்ஷூரன்ஸ் கம்பெனி, பருத்தி அழுத்தும் பிரஸ் கம்பெனி என்று வரிசையாக வந்தன. இவையாவது ஏதோ ஒரு வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டன. ‘ஃபைனான்ஷியல்’ என்று ஓர் இனம் தோன்றியது பாருங்கள், அதுதான் அழகு. மற்றக் கம்பெனிகளின் பங்கை வாங்கக் கடன் கொடுப்பதுதான் அதன் தொழில். அந்த ஃபைனான்ஷியலின் பங்கை வாங்க இன்னொரு ஃபைனான்ஷியல் கடன் கொடுக்கும். இந்தக் கூத்தையெல்லாம் இளைஞராக இருந்து கண்ணால் பார்த்தவர் தின்ஷா வாச்சா. பின்னாளில் காங்கிரஸ் தலைவரானவர். 1910இல் உட்கார்ந்து இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து எழுதியும் அவருக்கு எரிச்சல் அடங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மகுடம் பேக் பே ரெக்லமேஷன் கம்பெனி. பம்பாயின் மேற்குக் கரையில் பேக் பே என்று ஒரு வளைகுடா. அதைத் தூர்த்து நிலமாக்கி விற்பது திட்டம். தலைப்பைப் பார்த்துவிட்டு வேர்க்கடலை வியாபாரம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். சேட் விற்றது நிஜமான கடல். அலை அடித்துக்கொண்டிருந்தது, மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பங்குக்குக் கட்ட வேண்டியது 5,000 ரூபாய். சந்தையில் அது 50,000க்கு மேல் போயிற்று. ஒரு கூடை மண்கூட விழுவதற்கு முன்னாலேயே தண்ணீரின் விலை பத்து மடங்கு.

இதில் பிரேம்சந்தின் பங்கு என்ன? புதுக் கம்பெனி ஆரம்பித்தால் பங்கு யார் யாருக்கு என்று ஒதுக்க வேண்டும். ஒதுக்கீடு கிடைத்தவன் 5,000 கட்டி, வெளியே வந்து, மறுநாளே பல மடங்குக்குத் தள்ளிவிடலாம். ஆக, ஒதுக்குகிறவர்தான் கடவுள். பல கம்பெனிகளில் அந்த வேலை பிரேம்சந்திடம் இருந்தது. பைகல்லாவில் அவர் பங்களா வாசலில் விடிகாலையிலிருந்து கோச்சு வண்டிகள் நிற்கும். பார்சி வியாபாரி, பாட்டியா வியாபாரி, ராணுவ அதிகாரி, வக்கீல், வெள்ளைக்காரக் கம்பெனியின் மேனேஜர், எல்லோரும் ஒரே திண்ணையில். ஜாதி, மதம், நிறம் என்ற பேதமெல்லாம் பேராசையின் முன்னால் எப்படிப் பறந்துபோகும் என்பதைச் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் வந்து பார்த்திருக்கலாம். உள்ளே இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்:

“சேட்ஜி, போன தடவையே நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.”

“அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் சாஹேப்.”

“அடுத்தது என்ன கம்பெனி?”

“இன்னும் பெயர் வைக்கவில்லை.”

“அதனால் என்ன? நம் பெயரில் ஒரு பத்து எழுதிக்கொள்ளுங்கள்.”

சரி, கையில் காசில்லாதவன் எப்படிப் பங்கு வாங்கினான் என்று கேட்பீர்கள். ராம்ஜி என்று ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். பேக் பே பங்கு ஒன்று ஒதுக்கீடாகிறது. 5,000 கட்ட வேண்டும், ராம்ஜியிடம் இல்லை. ஒரு ஃபைனான்ஷியலில் கடன் வாங்கிக் கட்டுகிறார். பங்கு கைக்கு வந்ததும் சந்தை விலை 30,000 என்கிறார்கள். அதைக் கொண்டுபோய் ஒரு வங்கியில் அடகு வைத்து 20,000 வாங்குகிறார். ஃபைனான்ஷியல் கடனை அடைத்துவிட்டு மீதி 15,000இல் அதே வங்கியின் பங்கை வாங்குகிறார். வாங்க ஆள் இருப்பதால் வங்கிப் பங்கு ஏறுகிறது. ஏறியதை இன்னொரு வங்கியில் அடகு வைக்கிறார். இப்போது ராம்ஜி லட்சாதிபதி. கோச்சு வண்டி வாங்கிவிட்டார். இத்தனையிலும் அவர் பையிலிருந்து ஒரு தம்பிடி இறங்கவில்லை. யார் பையிலிருந்தும் இறங்கவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் கடன். எல்லாக் கடனுக்கும் ஈடு, அலை அடிக்கும் அந்த வளைகுடா.

இந்த விளையாட்டுக்கு அடிப்படைப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே. அது பாங்க் ஆஃப் பாம்பேயிலிருந்து வந்தது. 1840இல் தொடங்கிய கௌரவமான வங்கி. அரசாங்கமே அதில் பங்குதாரர். கம்பெனிப் பங்குகளை ஈடாக வைத்துக் கடன் தரக் கூடாது என்ற கட்டுப்பாடு முன்பு அதற்கு இருந்தது. 1863இல் புதுச் சட்டம் வந்து அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பூனைக்குக் காவல் வேலை கொடுத்ததோடு பால் பாத்திரத்தின் மூடியையும் எடுத்து வைத்த கதை. வங்கியை நடத்திய ஜேம்ஸ் பிளேர் துரைக்குப் பிரேம்சந்தின் மேல் அபார நம்பிக்கை. சேட் தலையசைத்தால் கடன், சேட் சிபாரிசு செய்தால் கடன், சேட்டுக்கே வேண்டுமானால் கேட்கவே வேண்டாம். இயக்குநர்கள் என்று சிலர் இருந்தார்கள். அவர்கள் வேலை, கூட்டத்துக்கு வந்து டீ குடிப்பது.

இப்படி ஊரார் பணம் ஆற்று வெள்ளமாக அவர் கை வழியே ஓடிக்கொண்டிருந்த அந்த 1864இல்தான் அவர் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தார் என்று சொன்னால் குஜராத்திகள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் உடைத்தார். இது தவிர அகமதாபாதில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, பரூச்சில் அப்பா பெயரில் நூலகம், சூரத்தில் பெண்கள் பள்ளி என்று கொடுத்துக் கொடுத்துப் பழகிய கைதான். பணம் வந்த வேகத்தைப் பார்த்து அவரே கொஞ்சம் பயந்திருக்கலாம். தர்மக் கணக்கில் கொஞ்சம் போட்டு வைப்போம் என்று எந்த வியாபாரிக்கும் தோன்றும்.

1865 ஏப்ரல் 9. அப்போமாட்டக்ஸ் என்ற ஊரில் தென்னவர்களின் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். அமெரிக்காவில் சமாதானம். அடிமைகளுக்கு விடிவு. உலகமே மகிழ்ந்த செய்தி கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்த ஊர் ஒன்று உண்டென்றால் அது பம்பாய். சண்டை நின்றால் அமெரிக்கப் பருத்தி வரும். அது வந்தால் சூரத்தை எவன் தொடுவான்?

அந்த ஊரில் பாதிப் பேரம் தவணைப் பேரம். இன்ன தேதியில் இன்ன விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தத் தேதி 1865 ஜூலை 1. போடும்போது எல்லோருக்கும் அது தீபாவளி மாதிரித் தோன்றியது. இரண்டு மாதத்தில் விலை சரிந்துகொண்டே வந்து, ஜூலை 1 பிறந்தபோது வாங்குகிறேன் என்றவனிடம் பணம் இல்லை, விற்கிறேன் என்றவனிடம் பங்கும் இல்லை. எல்லோரும் எல்லோர் மேலும் வழக்குப் போட்டார்கள். வக்கீல்களுக்கு மட்டும் தீபாவளி வந்தது.

50,000க்கு விற்ற பேக் பே பங்கு 2,000க்கும் கீழே போயிற்று. 2,850 வரை ஏறியிருந்த பாங்க் ஆஃப் பாம்பே பங்கை 87 ரூபாய்க்குக் கேட்டார்கள். அதையும் யோசித்துத்தான் கேட்டார்கள். நம் ராம்ஜி கோச்சு வண்டியை விற்கப் போனார். சந்தையில் ஏற்கெனவே அவ்வளவு கோச்சு வண்டி நின்றது.

பிரேம்சந்த் உடனே விழவில்லை. ஊர்ப் பெரியவர், விழுந்தால் எல்லோர் மேலும் விழுவார் என்று தாங்கிப் பிடித்தார்கள். 1866இல் அவரும் கடன்காரர்களிடம் கையை விரித்தார். அதே 1866இல்தான் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கும் 2 லட்சம் போயிற்று. இதை எப்படி எடுத்துக்கொள்வது? தனக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஊரில், தான் போய்ப் படிக்காத பல்கலைக்கழகத்துக்கு, தன் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது 2 லட்சம். தாராள மனசா, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் வீம்பா, கையில் மிஞ்சியதைக் கடன்காரன் பார்ப்பதற்குள் சரஸ்வதியிடம் ஒளித்து வைக்கும் சாமர்த்தியமா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது என் ஊகம். பிரேம்சந்தைக் கயவன் என்று திட்ட உட்கார்ந்தால் இந்த இடத்தில் பேனா தடுக்குகிறது. மகான் என்று புகழ உட்கார்ந்தால் பாங்க் ஆஃப் பாம்பேயின் பங்கில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள்.

அந்த வங்கி 1868இல் கடையைக் கட்டியது. மூலதனத்தில் பெரும் பகுதி கரைந்து போயிருந்தது. சர் சார்ல்ஸ் ஜாக்சன் என்பவர் தலைமையில் அரசாங்கம் விசாரணைக் குழு போட்டது. யார் கடன் கொடுத்தது? பிளேர். யார் கேட்டு? பிரேம்சந்த். ஈடு என்ன? பங்கு. எந்தப் பங்கு? இப்போது இல்லாத கம்பெனியின் பங்கு. இயக்குநர்கள் என்ன செய்தார்கள்? இங்கே ஒரு நீண்ட மௌனம். அரசாங்கத்துக்கும் கொஞ்சம் சங்கடம்தான். பங்குதாரரும் அவர்களே, சட்டத்தைத் தளர்த்தியவர்களும் அவர்களே, நன்கொடை வாங்கிக்கொண்டு நன்றிக் கடிதம் எழுதியவர்களும் அவர்களே. அறிக்கை வெளிவந்தது. குற்றம் யார் யார் மேலெல்லாமோ சாத்தப்பட்டது. அதே பெயரின் முன்னால் ‘நியூ’ என்று ஒட்டிப் புது வங்கி ஆரம்பித்தார்கள்.

இத்தனை கலவரத்திலும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த 4 லட்சம் மட்டும் குத்துக்கல்லாக இருந்தது. பாருங்கள் வேடிக்கையை. பருத்தியில் போட்டது போயிற்று, வங்கியில் போட்டது போயிற்று, கடலில் போட்டது கடலோடு போயிற்று. உடைத்துப் போட்ட தேங்காய் ஒன்றுதான் வட்டி ஈட்டிக்கொண்டிருந்தது. கொடுத்தவர் திவாலாகி, ஊர் திவாலாகி, வங்கி செத்து, விசாரணையும் தொடங்கிய பிறகு, 1869 மார்ச்சில்தான் கட்டடத்துக்கு அஸ்திவாரமே போட்டார்கள்.

வரைபடம் போட்டுக் கொடுத்தவர் லண்டன் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். பம்பாய்க்கு அவர் வந்ததே இல்லை. வெனிஸ் நகரத்து மாளிகையையும் பிரான்ஸ் தேசத்துத் தேவாலயத்தையும் கலந்து கட்டித் தபாலில் அனுப்பினார். வெயில் எப்படி அடிக்கும், மழை எப்படிப் பெய்யும் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்கள் பாடு. ராவ் பகதூர் முகுந்த் ராமச்சந்திரா என்ற உதவிப் பொறியாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். கோபுரத்தில் மேற்கிந்தியாவின் பல ஜாதி மக்களையும் 24 சிலைகளாக வடித்து நிறுத்தினார். கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்த்தால் தலைப்பாகைகளின் வித்தியாசம் தெரியும். ஐரோப்பியச் சர்ச்சில் புனிதர்கள் நிற்க வேண்டிய உயரத்தில் நம்மூர் வியாபாரிகள் நிற்கிறார்கள். பிரேம்சந்துக்கு அது பிடித்திருக்கும்.

1878 நவம்பரில் வேலை முடிந்தது. உயரம் 280 அடி. செலவு ஐந்தரை லட்சத்தை ஒட்டி. பக்கத்திலேயே பட்டமளிப்பு மண்டபம். அதையும் ஸ்காட்தான் வரைந்தார். அதற்குக் கொடையளித்த பார்சி கனவானின் பெயர் சர் கோவாஸ்ஜி ஜெஹாங்கீர் ரெடிமணி. கற்பனை இல்லை, குடும்பப் பெயரே அதுதான். கையில் ரொக்கம் உள்ளவரும், எல்லாவற்றையும் கைவிட்டவரும் அடுத்தடுத்த மனையில்.

கோபுரத்துக்கு ஒரு கதை உண்டு. ராஜாபாய்க்குக் கண் தெரியாது; தீவிர ஜைனர்; சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்; நேரம் தெரிய யார் உதவியும் வேண்டாம் என்றுதான் மகன் மணிக்கூண்டு கட்டினார். கேட்பவர் கண் கலங்கும். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், பங்களா இருந்த பைகல்லாவுக்கும் கோபுரத்துக்கும் இடையே நாலைந்து கிலோமீட்டர். நடுவே பம்பாய் மாநகரம் முழுக் குரலில் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அந்த மணிகள் வெறும் மணி அடிப்பதோடு நிற்கவில்லை. 16 மெட்டுகள் வாசித்தன. அதில் ஒன்று, ராணியைக் கடவுள் காப்பாற்றட்டும் என்ற பிரிட்டிஷ் கீதம். சூரத்து ஜைனக் கிழவி சாயங்காலம் கிச்சடிக்கு உட்காருவதற்கு விக்டோரியா மகாராணியின் நலம் விசாரிக்க வேண்டியிருந்தது என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாய்க்குக் கோபுரம் கட்டிய மகன்மேல் குறுக்கு விசாரணை செய்தால் நமக்குப் பாவம் வரும். கதை இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்கத்தாவுக்குப் போன 2 லட்சம் இன்னும் சமர்த்து. அதன் வட்டியில் ‘பிரேம்சந்த் ராய்சந்த் ஸ்காலர்ஷிப்’ ஏற்படுத்தினார்கள். பரீட்சையில் அதைத் தட்டிச் செல்வது வங்காளத்தில் அப்படி ஒரு கௌரவமாகிவிட்டது. எம்.ஏ. என்று போட்ட பிறகு பி.ஆர்.எஸ். என்றும் போட்டுக்கொண்டார்கள். அசுதோஷ் முகர்ஜி, ஜதுநாத் சர்க்கார் எல்லோரும் பி.ஆர்.எஸ்.தான். அவுரங்கசீப்பின் கணக்கைத் தோண்டித் துருவி எழுதிய ஜதுநாத், தன் உபகாரச் சம்பளத்தின் கணக்கைத் தோண்டவில்லை என்பது பிரேம்சந்தின் அதிர்ஷ்டம். வங்காளத்தின் மகா மேதைகள் எல்லாம் பட்டத்துக்குப் பின்னால் ஒரு பம்பாய்ப் பங்குத் தரகரின் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள்.

அவரோ தொழிலை விடவில்லை. விட்டுவிட்டு வேறு என்ன செய்வார்? பழைய பாக்கிகளை முடிந்தவரை தீர்த்துவிட்டு, மறுபடி தரகு. 1875இல் பம்பாய்த் தரகர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். நுழைவுக் கட்டணம் 1 ரூபாய். 318 பேர் சேர்ந்தார்கள். நிறுவியவர்களில் பிரேம்சந்தும் ஒருவர். பத்து வருஷத்துக்கு முன் ஊரையே கவிழ்த்த ஆட்டத்துக்கு விதிமுறை வகுக்க அந்த ஆட்டத்தின் மகா ஆட்டக்காரரையே கூப்பிட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தெந்த ஓட்டை வழியாகப் புகுந்து போகலாம் என்பது அவருக்குத்தானே தெரியும்? அந்த ஒரு ரூபாய்ச் சங்கம்தான் இன்றைக்கு மும்பைப் பங்குச் சந்தை.

1906இல், 75 வயதில் கண்ணை மூடினார். அதே வருஷம் அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி கவிழ்ந்து, நம்மூர்ப் பெரியவர்கள் பலரின் ஆயுள் சேமிப்பை விழுங்கியது. நாற்பது வருஷம் முன்னால் பம்பாய் எழுதிய பரீட்சையை நாம் தாமதமாக எழுதினோம். ஆர்பத்நாட்டில் போட்ட பணத்தில் யாருக்கும் கோபுரம் மிஞ்சவில்லை.

அந்தப் பேக் பே என்ன ஆயிற்று என்று கேட்காமல் விட்டால் பங்கு வாங்கியவர்களின் ஆவி சும்மா விடாது. கம்பெனி மூழ்கியது, தூர்த்த மட்டும் ஒரு குறுகிய பட்டையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அதன் மேல் ரயில் பாதை வந்தது. 1920களில் அரசாங்கமே மறுபடி கடலைத் தூர்க்கக் கிளம்பி, பணத்தைக் கொட்டி, பம்பாய் வக்கீல் கே.எஃப். நரிமன் வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டு, எப்படியோ கொஞ்சம் நிலத்தை வெளியே எடுத்தது. அதன் மேல் 1930களில் வளைவு வளைவான பால்கனிகளோடு ஆர்ட் டெகோ வீடுகள் எழுந்தன. இன்றைக்கு ஓவல் மைதானத்தின் நடுவில் நின்றால் கிழக்கே சேட் தானமாகக் கொடுத்த கோபுரம். மேற்கே சேட் கடலாக விற்ற நிலம். 2018இல் யுனெஸ்கோ வந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டுப் போனது. மேற்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். 1864இல் 50,000 ரூபாய் கொடுத்துப் பேக் பே பங்கு வாங்கி ஓட்டாண்டியான மகாராசன் யாரோ, அவர் வாங்கிய விலை அப்படியொன்றும் அநியாயம் இல்லை. ஒரு எழுபது வருஷம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.